பனிச்சாலையில் பெரிய வண்டி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் பூட்டாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றமாகும். ஆயினும், “நம்முடையது பெரிய வண்டி, நான்கு சக்கரங்களும் இழுக்கும், வேறு டயர் எதற்கு?” என்று எண்ணுவோர் குளிர்நாடுகளில் உண்டு.

சற்றே சிந்தியுங்கள். நான்கு சக்கர இழுவை, வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. எடை மிகுந்த வண்டி வழுக்கினால் மோதலும் கடுமையாகும். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். பனிக்கால டயரோ கடுங்குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் நுண்ணிய கீறல்கள் பனியைப் பற்றிக்கொள்ளும்.

வாங்கும்போது, மும்முடி மலையும் அதனுள் பனிப்பூவும் பொறித்த முத்திரை டயரின் பக்கவாட்டில் உள்ளதா எனப் பாருங்கள். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் போதா. 2024 அக்டோபர் முதல் ஜெர்மனி அவற்றைப் பனிக்கால டயராக ஏற்பதில்லை. வண்டிக்குக் குறிக்கப்பட்ட சுமைக் குறியெண்ணுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். குடும்பம் முழுவதையும் தாங்க வேண்டிய டயர் அது. நான்கையும் ஒருசேர மாற்றுங்கள். இரண்டை மட்டும் மாற்றினால் ஒருபுறம் பிடிக்க, மறுபுறம் வழுக்கி வண்டி சுழன்றுவிடக்கூடும்.

குளிர்நாட்டில் வாழும் உங்கள் பிள்ளைகளிடம், முதற்பனி விழுமுன்பே இதனை எடுத்துச் சொல்லுங்கள்.