வைரஸுக்கு எந்த மரபணு தேவை?

டார்ச் விளக்கு எரியவில்லை. பழுது பாட்டரியிலா, பொத்தானிலா, பல்பிலா? பல்பை எடுத்து வேறொரு விளக்கில் பொருத்திப் பார்க்கிறோம். சந்தேகப்பட்ட உறுப்புக்குப் பதிலாக நல்லதொன்றைப் போட்டும் பார்க்கிறோம். பயிர்களைத் தாக்கும் வைரஸ்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்களும் இதே வழியைத்தான் பின்பற்றினார்கள்.

புகையிலைத் தேமல் வைரஸை எடுத்துக்கொள்வோம். குச்சி போன்ற இதன் நீளம் 300 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரின் மூவாயிரத்தில் ஒரு பங்கை விடச் சற்றுக் குறைவு. உள்ளே ஓர் ஆர்.என்.ஏ. இழை, அதைச் சுற்றி 2,130 புரதத் துண்டுகளாலான உறை. இழையில் ஏறத்தாழ 6,400 'எழுத்துகள்' உள்ளன. அவற்றில் அடங்கியிருப்பது நான்கு புரதங்களுக்கான செய்தியே. இவற்றுள் எதெது நோய்க்கு இன்றியமையாதது?

ஆர்.என்.ஏ. இழையை வேண்டிய இடத்தில் திருத்துவது எளிதன்று. எனவே அதன் டி.என்.ஏ. நகலை எடுத்து, பாக்டீரியாவில் பெருக்கி, அதில் திருத்தம் செய்து, மீண்டும் ஆர்.என்.ஏ.யாக மாற்றி இலையில் தேய்த்தார்கள். இந்த வைரஸில் இம்முறை 1986-இல் கைகூடியது.

முதல் இரண்டு புரதங்கள் வைரஸ் பெருகுவதற்கானவை. அவற்றுக்குரிய பகுதி சிதைந்தால் தனிச் செல்லில்கூட வைரஸ் பெருகாது. மூன்றாவது புரதத்தின் கதைதான் சுவையானது. ஊனமுற்ற ஒரு வகை வைரஸ் 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இலையில் பரவவில்லை. ஆனால் பிரித்தெடுத்த தனிச் செல்களில், அதே வெப்பத்தில், நன்றாகவே பெருகியது! அப்படியானால் பழுது பெருக்கத்தில் இல்லை. அடுத்த செல்லுக்குச் செல்வதில்தான்.

1987-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் நல்ல வைரஸின் மூன்றாவது புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, அதே ஊனத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். அதே ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் பழுதற்ற அந்த மரபணுவைப் புகையிலைச் செடிக்குள்ளேயே புகுத்தினார்கள். அச்செடியில் ஊனமுற்ற வைரஸ் 32 டிகிரியிலும் பரவியது. நல்ல உறுப்பைப் போட்டதும் விளக்கு எரிந்துவிட்டதல்லவா? செல்களை இணைக்கும் நுண்வழிகளின் ஊடே வைரஸைக் கடத்துவதே இப்புரதத்தின் வேலை.

நான்காவது, உறைப் புரதம். இதன் மரபணுவை அறவே நீக்கிய பிறகும் வைரஸ் பெருகியது. பக்கத்துச் செல்களுக்கும் பரவியது. ஆனால் உணவைக் கடத்தும் ஃபுளோயத் திசு வழியாகத் தொலைவிலுள்ள இலைகளுக்குச் செல்வதில் பெரிதும் தடுமாறியது.

ஆகவே, 'இந்த மரபணு தேவையா?' என்ற கேள்வி மட்டும் போதாது. 'எந்தக் கட்டத்துக்குத் தேவை?' என்றும் கேட்க வேண்டும். பெருகுதல், அடுத்த செல்லுக்குச் செல்லுதல், செடி முழுதும் பரவுதல் ஆகிய மூன்றும் நடந்தால்தான் செடி முழுதும் நோய். வைரஸ் புகுந்த பயிரைக் குணமாக்க உழவரிடம் மருந்து இல்லை. நோயுற்ற செடியைப் பிடுங்கி எறிவதே வழக்கம். ஆனால் இம்மூன்றில் ஒன்றைத் தடுக்க வல்ல பயிரை உருவாக்கிவிட்டால், வைரஸ் புகுந்த இலையோடு நின்றுவிடும், செடி பிழைத்துக்கொள்ளும்.