அலெக்சாண்டருக்கு முந்தைய அலெக்சாண்டர்கள்

அலெக்சாண்டர் என்றாலே மாசிடோனியாவிலிருந்து பஞ்சாப் வரை படை நடத்தி வந்தவர்தான் நினைவுக்கு வருகிறார். பாரசீகத்தில் இஸ்கந்தர், வட இந்தியாவில் சிக்கந்தர் என்று அந்தப் பெயர் ஊர் ஊராகப் பரவியது அவரால்தான். ஆனால் கி.மு. 356இல் அவர் பிறந்தபோதே அது பழம்பெயர். மாசிடோனிய அரியணையில் அந்தப் பெயரில் அமர்ந்த மூன்றாமவர் அவர். அதற்கும் முன்னே, ஹெலனைக் கவர்ந்து சென்ற டிராய் இளவரசன் பாரிஸை இலியட் காவியம் பெரும்பாலும் அலெக்சாந்த்ரோஸ் என்றே அழைக்கிறது. கிரேக்கத்தில் ‘அலெக்ஸோ’ என்றால் தடுத்துக் காப்பது, ‘ஆந்த்ர்’ என்பது ஆண்மகனைக் குறிக்கும் சொல்லின் அடி. ஆக, மனிதரைக் காப்பவன். இடையர்களிடம் வளர்ந்த பாரிஸ் திருடர்களை விரட்டியதால் இப்பெயர் பெற்றான் என்பது பெயரை வைத்துப் பின்னாளில் கட்டிய கதை. சொந்த ஊரின் அழிவுக்கே காரணமானவனுக்கு இப்படியொரு பெயர்!

பெயர் கிரேக்கர்களுடையதுதானா என்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. இன்றைய துருக்கியில் ஹிட்டைட் பேரரசின் தலைநகராக இருந்த ஹத்துசாவில் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கி.மு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் இரண்டாம் முவத்தள்ளி, விலுசா நாட்டு மன்னன் அலக்சாந்துவோடு செய்துகொண்ட உடன்படிக்கை. விலுசாதான் டிராய் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால் இது அந்த மண்ணின் பெயராகவே இருந்து, கிரேக்கர்கள் பிறகு எடுத்துக்கொண்டு தங்கள் மொழியில் பொருள் கற்பித்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வந்த பெயரைத் தன் மொழிக்கு வளைத்துப் பொருள் சொல்வது எந்த ஊரிலும் நடப்பது.

இந்த ஐயத்துக்குப் பதில் கிரேக்கத்தின் பழைய நகரான மைசீனியில் இருக்கிறது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டிய, பழங்கிரேக்க மொழியை எழுதப் பயன்பட்ட ‘லீனியர் பி’ எழுத்தில், அதே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பலகை அங்கே கிடைத்தது. பெண்களின் பெயர்களும் படுக்கைகளும் அடங்கிய கணக்கு அது. அதில் ஒரு வரி: ‘மா-நோ, அ-ரெ-க-ச-த-ர-க்வெ, 2’. கடைசியில் ஒட்டிய ‘க்வெ’ நம் ‘உம்’ போன்றது. மானோவும் அலெக்சாந்த்ராவும், இருவர். எழுத்து அப்படியே பொருந்தவில்லையே என்றால், அந்த எழுத்துமுறையில் ல, ர இரண்டுக்கும் ஒரே குறிதான். மெய்யெழுத்துக்கு முன் வரும் ‘ன்’ எழுதப்படாது. இந்தப் பெயருக்காக வளைத்த விதி இல்லை, பலகைகள் எங்கும் செல்லுபடியாகும் விதி. ‘ஆண்’ என்று முடியும் பெயருக்குப் பெண்பால் வடிவம் இருந்தால், ஆண்பால் வடிவம் அதற்கு முன்பே புழங்கியிருக்க வேண்டும். லிசாந்த்ரோஸ், நிகாந்த்ரோஸ் என அதே அச்சில் வார்த்த கிரேக்கப் பெயர்களும் உண்டு. எனவே பெயர் கிரேக்கம் என்பதே வலுவான முடிவு. அதைக் கொண்டு அலக்சாந்துவையும் கிரேக்கன் ஆக்கிவிட முடியாது. கடல் கடந்த வணிகமும் மணவுறவும் பெயர்களையும் கொண்டுசேர்க்கும். உடன்படிக்கையில் அவன் ஹிட்டைட் பேரரசின் சிற்றரசன். பேரரசர் போருக்கு அழைத்தால் காலாட்படையோடும் தேர்களோடும் போக வேண்டியவன்.