முப்பது நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை

1996-ஆம் ஆண்டு சென்னையில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையில், 29 வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான்கரை மாதத்தில் கோளாறு தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. பார்வை பறிபோன அந்தப் பெண்ணுக்குச் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2015-இல் உத்தரவிட்டது.

அந்தக் கோளாறின் பெயர் ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி. சுருக்கமாக ஆர்.ஓ.பி.

கருவில் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஏறத்தாழ 16-ஆவது வாரத்தில் பார்வை நரம்பின் முகப்பிலிருந்து விளிம்பை நோக்கி வளரத் தொடங்குகின்றன. மூக்கை ஒட்டிய விளிம்பை 36 வார வாக்கிலும், நெற்றிப்பொட்டுப் பக்க விளிம்பை 40 வார வாக்கிலும் எட்டுகின்றன. 28 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு இந்த வேலை பாதியில் நிற்கிறது. கருப்பையில் இருந்ததைவிட ஆக்சிஜன் திடீரென அதிகமாவதால் குழாய்களின் வளர்ச்சி தடைபடுகிறது. சில வாரங்களில், ரத்தம் எட்டாத விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. புதிய குழாய்கள் தாறுமாறாக முளைக்கின்றன. அவை தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரை இடத்தைவிட்டே பிய்ந்துவிடும்.

இந்த நோயை 1942-இல் பாஸ்டன் மருத்துவர் தியோடோர் டெர்ரி முதலில் விவரித்தார். இன்குபேட்டரில் தாராளமாகக் கொடுக்கப்படும் ஆக்சிஜன்தான் காரணமோ என்று 1951-இல் மெல்போர்னின் கேட் காம்ப்பெல் சந்தேகம் எழுப்பினார். அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர். 1950-இல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர். பிறகு பயந்துபோய் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். பச்சிளம் உயிர்கள் பலியாயின. ஆக்சிஜனை நிறுத்துவதல்ல, அளந்து கொடுப்பதே வழி என்பது அப்படித்தான் புரிந்தது.

ஆக்சிஜன் மட்டுமே காரணமல்ல. பிறந்த வாரமும் எடையும் குறையக் குறைய ஆபத்து கூடும். கிருமித்தொற்று, ரத்தம் ஏற்றுதல், பிறந்த பின் எடை சரியாக ஏறாமை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்.

இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 2,000 கிராமுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைகளுக்கும் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை அவசியம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து, குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, இமைகளைச் சிறு கருவியால் விலக்கி, தலையில் மாட்டிய விளக்கின் ஒளியில் லென்ஸ் வழியாக மருத்துவர் விழித்திரையைப் பார்க்கிறார். குழந்தை வீறிட்டு அழும். வலி தெரியாமலிருக்க நாக்கில் சர்க்கரைக் கரைசல் தடவுவதும் உண்டு. சில நிமிட வேலைதான்.

சிகிச்சை தேவைப்படும் கட்டத்தை எட்டிவிட்டால் இரண்டு, மூன்று நாளுக்குள் லேசர் அல்லது கண்ணுக்குள் ஊசி மருந்து கொடுக்க வேண்டும். விழித்திரை முழுதும் பிரிந்த பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்புவதில்லை.

தொடக்கத்தில் கண் வெளியே சாதாரணமாகவே தெரியும். குழந்தை நன்றாக விழிக்கிறதே என்று பெற்றோர் இருந்துவிடக் கூடாது. குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அழைத்துவரும் முன், ஆர்.ஓ.பி. பரிசோதனை ஆனதா, அடுத்தது எந்தத் தேதி என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.