தோற்ற ஆட்டமெல்லாம் மோசமான ஆட்டமா?

1998ஆம் ஆண்டு, லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதி. உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் கட்டி உட்கார்ந்த 350 பேரில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் வியட்நாமில் பிறந்த ஸ்காட்டி நுயென். மற்றவர் கெவின் மெக்பிரைடு. மேசை நடுவில் ஐந்து சீட்டுகள் திறந்து கிடக்கின்றன: மூன்று எட்டு, இரண்டு ஒன்பது. மெக்பிரைடின் கையிருப்பு மொத்தத்தையும் இழுத்துவிடும் அளவுக்கு நுயென் பந்தயம் வைக்கிறார். பீரைக் கையில் வைத்துக்கொண்டு, 'நீ துணிந்தால் ஆட்டம் முடிந்தது' என்ற தோரணையில் பேச்சுக் கொடுக்கிறார். மெக்பிரைடு துணிகிறார். நடுவில் கிடப்பதுதான் என் கை என்கிறார்.

நுயென் தன் சீட்டுகளைத் திருப்பினார்: ஜாக், ஒன்பது. பத்து லட்சம் டாலர் அவருக்கு. மெக்பிரைடுக்கு இரண்டாம் பரிசு 6,87,500 டாலர். அதோடு, தொலைக்காட்சியில் வந்த மோசமான ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அவர் பெயரும் கூடவே வருகிறது.

அது ஏன் மோசம் என்று புரிய, ஆட்டத்தின் விதி கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஏழில் ஐந்து

இங்கே சொல்லப்படுவது டெக்சஸ் ஹோல்டெம் என்னும் வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. அவை அவருக்கு மட்டுமே தெரியும். நடுவில் ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. அவை எல்லோருக்கும் பொது. ஆக மொத்தம் ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவர் ஜெயிப்பார்.

ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. எதிராளி வைத்ததற்குச் சமமாக வைத்துத் தொடர்வது 'கால்'. ரம்மியில் ஸ்கூட் விடுவதுபோல் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்குவது 'ஃபோல்ட்'. கையில் ஒன்றுமில்லாமலே பெரிய பந்தயம் வைத்துப் பூச்சாண்டி காட்டுவது 'பிளஃப்'. எல்லோரும் பயந்து ஒதுங்கிவிட்டால், பூச்சாண்டி காட்டியவர் சீட்டைக் காட்டாமலே பணத்தை அள்ளிக்கொள்ளலாம். நடுவில் சேர்ந்த அந்தப் பந்தயப் பணம்தான் 'பானை'.

இப்போது மெக்பிரைடிடம் வருவோம். அவர் கையில் ராணியும் பத்தும். நடுவில் கிடந்த ஐந்தோடு சேர்த்தால் அவை எதற்கும் உதவாது. மூன்று எட்டும் இரண்டு ஒன்பதும் சேர்ந்த 'ஃபுல் ஹவுஸ்' ஏற்கெனவே மேசையில் இருக்கிறது. ஆனால் அது பொதுச் சொத்து. நுயெனுக்கும் அதே உரிமை உண்டு. ஆகவே மெக்பிரைடுக்கு மிக நல்லது நடந்தாலும் பானையில் பாதிதான் கிடைக்கும். முழுதாக ஜெயிக்க வழியே இல்லை. தோற்கவோ பல வழிகள்: எதிராளியிடம் ஓர் ஒன்பது இருந்தால் போதும், மிச்சமுள்ள ஒரே எட்டு இருந்தால் போதும், பத்திலிருந்து ஏஸ் வரை ஏதாவது ஒரு ஜோடி இருந்தால் போதும்.

அவர் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது. நுயென் காட்டியது பூச்சாண்டியாக இருந்திருந்தால், ஒதுங்குவது பாதிப் பானையைத் தாரை வார்ப்பதாகும். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பாதியைக் காப்பாற்ற, போட்டியில் தனக்கு மிச்சமிருந்த அத்தனையையும் வைத்தார். வந்தால் பாதி, போனால் முழுசு. நுயெனின் கையைப் பார்க்காமலே இந்தக் கணக்கைப் போட முடியும். மோசமான ஆட்டத்துக்கான உண்மையான அடையாளம் இதுதான்.

கண்ணாடிக்கு அடியில் ஒரு கேமரா

அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, நுயென் திருப்பும்வரை அந்த ஒன்பது தெரியாது. இன்றைய பார்வையாளர் நிலை வேறு. போலந்தில் பிறந்து, யூத இனப்படுகொலையிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்காவில் பொம்மை வியாபாரத்தில் பெயர் எடுத்த ஹென்றி ஓரென்ஸ்டீன், ஆட்டக்காரரின் மறை சீட்டுகளைப் படம்பிடிக்கும் மேசைக்கு 1995இல் காப்புரிமை பெற்றார். 1999இல் பிரிட்டனின் சேனல் 4 'லேட் நைட் போக்கர்' நிகழ்ச்சியில், கண்ணாடி வழியே கீழிருந்து சீட்டுகளைக் காட்டினார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்க ஒளிபரப்புகளும் அதே வழிக்கு வந்தன.

அதுவரை போக்கர், மௌனமாக உட்கார்ந்திருக்கும் சிலரின் முகங்களைப் பார்க்கும் சலிப்பான காட்சி. கேமரா வந்ததும் அது நாடகமானது. 2003இல் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் கையில் ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் வைத்தார். ஒன்பதில் ஜோடி வைத்திருந்த சாமி ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டு ஒதுங்கினார். மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு முதன்மைப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர்; 2006இல் 8,773 பேர்.

கூடவே ஒரு கோளாறும் வந்தது. இரண்டு கைகளையும் பார்க்கும் நமக்கு ஃபர்ஹா ஏமாளியாகத் தெரிகிறார். ஆனால் நாம் பார்த்த சீட்டை அவர் பார்க்கவில்லை. திரை ஓரத்தில் ஓடும் வெற்றி வாய்ப்புச் சதவீதமும் எல்லாக் கைகளையும் தெரிந்துகொண்டு போட்ட கணக்கு. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்காது.

திட்டு வாங்கிய ஒரு ஃபோல்ட்

2006இன் முதன்மைப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். மூன்று பேர் மிச்சம். பந்தயத்துக்கு வைக்கும் வில்லைகளான சிப்புகளில் பாதிக்கும் மேல் ஜேமி கோல்டிடம். பொதுச் சீட்டுகள்: கிளாவர் பத்து, ஸ்பேட் ஆறு, ஸ்பேட் ஐந்து. பால் வசிக்காவின் கையில் ஸ்பேட் எட்டும் ஏழும். இன்னொரு ஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே இனமாகும். நாலோ ஒன்பதோ வந்தால் ஐந்தும் வரிசையாகும். இதைவிட நம்பிக்கை தரும் கை அந்தக் கட்டத்தில் அபூர்வம். கோல்டும் மைக்கேல் பிங்கரும் மோதிக்கொண்டிருக்க, வசிக்கா ஒதுங்கிக்கொண்டார்.

அடுத்து வந்தது ஏழு. கோல்டுக்கு ஐந்தும் வரிசையாகச் சேர்ந்துவிட்டது. கடைசியாக வந்தது ஸ்பேட் ராணி. வசிக்கா இருந்திருந்தால் அந்தச் சீட்டு அவரை ஜெயிக்க வைத்திருக்கும். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இப்போது பரிசுப் பட்டியலைப் பாருங்கள். மூன்றாம் இடத்துக்கு 41,23,310 டாலர். இரண்டாம் இடத்துக்கு 61,02,499. மற்ற இருவரும் மோதி பிங்கர் வெளியேறினால், சும்மா இருந்தே வசிக்காவுக்கு ஏறக்குறைய இருபது லட்சம் டாலர் கூடுதல். அப்படித்தான் நடந்தது. முதலிடம் மட்டுமே குறி என்றால் அது கோழைத்தனமான ஃபோல்ட். வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் குறி என்றால் வாதாடத்தக்க முடிவு. ஸ்பேட் ராணி வந்ததை வைத்து மட்டும் தீர்ப்பெழுத முடியாது.

தேவையில்லாத வீரம்

அடுத்த ஆண்டு நடந்தது வேறு வகை. இறுதி மேசையில் ஒன்பது பேர். அதிக சிப்புகளோடு உட்கார்ந்தவர் டென்மார்க்கின் ஃபிலிப் ஹில்ம். எட்டாவது இடத்தில் தொடங்கியவர் ஜெர்ரி யாங். ராஜாவும் ஜாக்கும் நடுவில் கிடக்க, ஐந்தில் சிறு ஜோடியும் டைமண்ட் சேரலாம் என்ற நம்பிக்கையுமாக ஹில்ம் எல்லாவற்றையும் தள்ளினார். ஏஸும் ராஜாவும் வைத்திருந்த யாங் விடவில்லை. ஹில்ம் முதல் ஆளாக வெளியேறினார், யாங் 82.5 லட்சம் டாலரோடு சாம்பியன் ஆனார்.

பூச்சாண்டி காட்டியது தப்பில்லை. எதிராளி பயந்து ஒதுங்கினால்தான் அது பலிக்கும்; பயப்படாத ஆளிடம் காட்டினால் வெறும் கைதான் மிச்சம். யாங் பிடிவாதமாகப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டால் ஹில்முக்குத் தப்பிக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. எல்லோரையும்விடச் சொத்து அதிகம் உள்ளவருக்கு அந்தச் சூதாட்டம் அவசரமே இல்லை.

பெரிய ஆட்டக்காரருக்கும் கண் தப்பும். 2009 முதன்மைப் போட்டியில் ஃபில் ஐவி, தன் கையில் ஃபிளஷ் (ஐந்தும் ஒரே இனம்) சேர்ந்திருப்பதைக் கவனிக்காமல், ஜெயித்த சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டார். தள்ளிய சீட்டு செத்த சீட்டு. அதன் பிறகும் அவர் ஏழாம் இடம் பிடித்தார்.

தப்பான வழியில் சரியான விடை

கடைசியாக, இன்றும் வாதம் ஓயாத ஒன்று. 2022 செப்டம்பர், கலிபோர்னியாவின் 'ஹஸ்லர் கேசினோ லைவ்' இணைய ஒளிபரப்பு. பொதுச் சீட்டுகள்: இரண்டு பத்து, கிளாவர் ஒன்பது, ஹார்ட் மூன்று. காரெட் அடெல்ஸ்டீனிடம் கிளாவர் எட்டும் ஏழும். இன்னும் எதுவும் சேரவில்லை. அவர் எல்லாவற்றையும் வைத்தார். ராபி ஜேட் லூ கூடுதலாக 1,09,000 டாலர் போட்டு கால் செய்தார். கையில் ஜாக்கும் நாலும் மட்டும், ஜோடிகூட இல்லை. கடைசிச் சீட்டை இரண்டு முறை எடுத்தார்கள், இரண்டிலும் லூ ஜெயித்தார். 2,69,000 டாலர் பானை அவருக்கு. அடெல்ஸ்டீன் ஏமாற்று வேலை நடந்ததாகச் சந்தேகம் எழுப்பினார்; நிகழ்ச்சித் தரப்பு நடத்திய விசாரணையில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தன் கையில் மூன்று இருப்பதாகத் தவறாக நினைத்ததாக லூ சொன்னார்.

கணக்கு சுவாரஸ்யமானது. இருவர் கையும் தெரிந்தால், சீட்டுக்கட்டில் மிச்சம் 44 சீட்டு. அதில் அடெல்ஸ்டீனைக் காப்பாற்றுபவை 20, லூவுக்குச் சாதகமானவை 24. ஆக, கால் செய்த நொடியில் லூ முன்னிலையில் இருந்தார். ஆனால் கை தெரியாதபோது? பூச்சாண்டி காட்டுபவரிடமும் பெரும்பாலும் ஒரு ராணியாவது, ராஜாவாவது, ஏஸாவது இருக்கும். ஜாக் அதையும் ஜெயிக்காது. விடை சரி; அதற்குப் போன வழி தப்பு.

அடுத்த முறை போக்கர் பார்க்கும்போது ஒன்று செய்து பாருங்கள். மற்ற ஆட்டக்காரர்களின் சீட்டு தெரியும் திரை மூலையை ஒரு காகிதத்தால் மறைத்து, ஒருவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டு, நீங்களே முடிவு சொல்லுங்கள். பிறகு காகிதத்தை எடுங்கள். 'இவனுக்கு ஆடவே தெரியவில்லை' என்று நாம் திட்டுவது பாதியாகக் குறைந்துவிடும். அப்போதும் திட்டத் தோன்றுகிற ஆட்டம் எதுவோ, அதுதான் உண்மையிலேயே மோசமான ஆட்டம்.