லேபிளை விடு, துணியைத் தொடு

எம்.எஸ்சி. படிக்க எந்தப் பல்கலைக்கழகம்? பனியன் ஊருக்குத் தெரிந்த சோதனைகளே போதும்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியன் துணி வாங்குகிறவர் லேபிளைப் பார்த்து ஏமாற மாட்டார். ஜி.எஸ்.எம். கட்டரால் வட்டமாக ஒரு துண்டு வெட்டிச் சின்னத் தராசில் வைப்பார். அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். தராசு காட்டும் கிராமை நூறால் பெருக்கினால் துணியின் கனம் தெரிந்துவிடும். பிறகு துவைத்துப் பார்ப்பார். சாயம் போகிறதா, சுருங்குகிறதா, தையல் முறுக்கிக்கொள்கிறதா? எல்லாம் சரியென்றால்தான் ஆர்டர். அதே ஊரில் பிள்ளையை மேல்படிப்புக்கு அனுப்பும்போது மட்டும் இத்தனை புத்தியும் வாசலோடு நின்றுவிடுகிறது. "பேரு பெருசா? பஸ்ஸு இருக்குதா?" என்ற இரண்டு கேள்வியில் காரியம் முடிந்துவிடுகிறது.

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா கட்டிங் மாஸ்டர். அம்மா செக்கிங். மகள் பி.எஸ்சி. வேதியியல், கடைசி வருடம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்த இரவில் பேச்சு வருகிறது.

"ஏன் அம்மிணி, இன்னும் ரெண்டு வருசம் படிச்சா என்ன ஆகும்? எங்க படிக்கோணும்?"

இரண்டாவது கேள்விக்குத் தெரு முழுக்கப் பதில் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு பெயர்ப்பலகையாகத்தான் இருக்கும்.

மூன்று வழிகள்

முதல் வழி பஸ்ஸில் போய்வரும் தூரம். திருப்பூர் சிக்கண்ணா அரசுக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி, கோவைக் கல்லூரிகள், 1982இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகம் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது மத்தியப் பல்கலைக்கழகங்கள்: திருவாரூர், புதுச்சேரி, ஹைதராபாத். 2022இல் அறிமுகமான 'க்யூட் பி.ஜி.' என்ற பொது நுழைவுத் தேர்வு இதற்கான வாசல்.

மூன்றாவது 'ஜாம்' தேர்வு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர இதுதான் வழி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் ஐசர் (அறிவியல் கல்வி, ஆராய்ச்சி) நிறுவனங்களிலும் எம்.எஸ்சி.யையும் பிஎச்.டி.யையும் சேர்த்துப் படிக்கும் ஒருங்கிணைந்த படிப்புக்கும் இந்த மதிப்பெண் உதவும்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண், வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். விண்ணப்பமோ முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். க்யூட் பி.ஜி. மார்ச் மாதத்தை ஒட்டி வருகிறது. கடைசி செமஸ்டர் எழுதி முடித்துவிட்டு "இனி என்ன?" என்று கேட்கும்போது இந்த இரண்டு கதவும் சாத்தியிருக்கும். பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளில் பலர் அதைத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்தவர்கள் அல்ல. தேதி கொண்டுபோய் விட்ட இடம் அது. ஐந்தாம் செமஸ்டரிலேயே முடிவு செய்தால்தான் அதற்குத் தேர்வு என்று பெயர்.

தரவரிசை சொல்லாதது

2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையை இன்று எல்லோரும் பார்க்கிறார்கள். பல்கலைக்கழகம், கல்லூரி, பொறியியல், மருத்துவம், சட்டம் என்று பல பட்டியல்கள் உண்டு. வேதியியலுக்கோ இயற்பியலுக்கோ தனிப் பட்டியல் கிடையாது. பத்தாம் இடத்துப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறை சோர்ந்து கிடக்கலாம். ஐம்பதாம் இடத்தில் ஒரு துறை துடிப்பாக இருக்கலாம். தரவரிசை என்பது முழு லாட்டுக்கும் போட்ட ஒரே விலை. உள்ளே எந்த ரோல் நல்ல ரோல் என்று பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

துறை என்பது ஆட்கள்தான் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி ஜி.என். ராமச்சந்திரன். 1942இல் மின்பொறியியல் படிக்க பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனவர், சி.வி. ராமனிடம் வந்து இயற்பியலுக்கு மாறினார். 1952இல், முப்பது வயதை ஒட்டி, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். எதை ஆராயலாம் என்ற யோசனையில் கொலாஜன் என்ற புரதம் வந்தது. தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அது. மாதிரி, சென்னையிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது: கங்காருவின் வால் தசைநாண். 1954இல் ராமச்சந்திரனும் அவருடன் ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் முச்சுருள் அமைப்பை 'நேச்சர்' இதழில் முன்வைத்தார்கள். தோல் பதனிடும் தொழிலுக்காக ஏற்பட்ட நிறுவனமும், ஒரு நல்ல ஆசிரியரும் ஒரே ஊரில் இருந்ததன் பலன் அது.

கேள்வி வாசலில் இருக்கிறது

தோலுக்குச் சென்னை என்றால் சாயத்துக்குத் திருப்பூர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை வேலம்பாளையம் மறக்காது. நொய்யலில் ஓடிய சாயத்தைக் கண்ணால் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாமல் ஓடியது உப்பு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் நிறைய உப்புப் போட வேண்டும். சாயத்தில் ஒரு பகுதி நூலைப் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது. போட்ட உப்போ அப்படியே கழிவுநீரில் வந்துவிடுகிறது. அந்தக் கழிவுநீரைச் சவ்வுகளால் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்க, மின்சாரமும் விறகும் செலவாகித் தீர்கின்றன. கடைசியில் கலப்பு உப்பு மூட்டையாகக் குவிகிறது.

உப்பில்லாமல் சாயம் ஏற்ற முடியுமா? சவ்வு அடைத்துக்கொள்ளாமல் இருக்க என்ன வழி? கலப்பு உப்பைப் பிரித்தெடுக்க முடியுமா? இதெல்லாம் அசல் வேதியியல் கேள்விகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரைக் கைகாட்டுகிறது. சாயத்தின் வேதியியல் என்றால் 1933இல் தொடங்கிய மும்பை வேதித் தொழில்நுட்பக் கழகம். மின்வேதியியல் என்றால், 1948இல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ஆய்வுக்குப் போகும்போது அந்தக் கதவு திறக்கும். கேள்வி பிடித்துவிட்டால் பட்டியல் தானாகச் சுருங்கும். மகளுக்குச் சாயம் பிடிக்காமல் மருந்து மூலக்கூறு பிடித்திருந்தால் அதுவும் சரிதான். கேள்வி என்று ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவே.

பணக் கணக்கும் உண்டு. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளநிலைப் படிப்போடு நின்றுவிடும். எம்.எஸ்சி.யின் இரண்டு வருடம் வீட்டுச் செலவுதான். அதன் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆகவே சேர நினைக்கும் துறையில் முன்பு படித்தவர்களில் எத்தனை பேர் நெட் தாண்டினார்கள் என்று விசாரிப்பது, கம்பெனி ஒழுங்காகச் சம்பளம் போடுமா என்று விசாரிப்பதைப் போல. கூச்சப்படத் தேவையில்லை.

சாம்பிள் பார்க்க அந்தத் துறைக்கு ஒரு நாள் போய் வரலாம். ஆசிரியர்கள் கடந்த மூன்று வருடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள்? கடைசி செமஸ்டர் முழுக்க ஆய்வுக்கூடத்தில் ப்ராஜெக்ட்டா, பேருக்கு ஒரு மாதமா? நூலகம் இரவில் எத்தனை மணி வரை? சீனியர் பிள்ளைகளிடம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

அப்பாவையும் கூட்டிப் போகலாம். அவருக்கு ஆய்வுக்கூடத்து என்.எம்.ஆர். கருவி தெரியாது. ஆனால் புதுக் கம்பெனியில் கால் வைத்ததும் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

"மெசின் நல்லாத்தான் இருக்குதுங்க. இதை ஓட்டறது யாரு, புள்ளைங்களா, இல்ல பூட்டி வெச்சிருக்கறீங்களா?"

அதற்கு வரும் பதிலைக் கேட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்பலாம்.