பெண்ணுக்கு சாஃப்ட்பால் கிளவுஸ் வாங்கும்போது...

எங்கள் ஊர் ஒரத்தநாடு. போன வருஷம், எட்டாவது படிக்கும் என் பெண், "சாஃப்ட்பால் டீம்ல எடுத்துட்டாங்கம்மா, கிளவுஸ் வேணும்" என்று வந்து நின்றாள். யூனிஃபாரம் வாங்குகிற நினைப்பில், 'வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருஷம் வரட்டும்' என்று தஞ்சாவூரில் இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை வாங்கி வந்தேன்.

மறுவாரமே விரல் வீங்கி வந்தாள். கிளவுஸ் பெரிதாக இருந்ததால் மூட முடியாமல் பந்து நழுவி, வெறுங்கை விரலில் அடித்துவிட்டதாம். மாமியார், "சுளுக்குதான், இழுத்துவிட்டா சரியாயிடும்" என்றார். நான் விடவில்லை. ஐஸைத் துணியில் சுற்றி வைத்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். நல்லவேளை, எலும்பு முறிவில்லை.

"பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே பெண்கள் ஆடிய ஆட்டம் இது. தப்பு ஆட்டத்தில் இல்லை, நான் வாங்கியதில்தான். பி.டி. டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பேர்தான் சாஃப்ட், பந்து மெத்தென்று இருக்காது. சுற்றளவு 12 அங்குலம். பேஸ்பால் பந்து 9 அங்குலம்தான். அதனால் பேஸ்பால் கிளவுஸில் இந்தப் பந்து சரியாக அடங்காது.

முதலில், பெண் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று கேளுங்கள். விரல் விரலாகப் பிரிந்திருப்பது கிளவுஸ். கட்டைவிரல் மட்டும் தனியாக இருப்பது மிட். மிட்டை கேட்சரும் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவரும்தான் போடலாம். விக்கெட் கீப்பர் மாதிரி ஓயாமல் பந்து வாங்கும் கேட்சருக்கு உள்ளே கனத்த மெத்தை இருக்கும். ஃபர்ஸ்ட் பேஸ் மிட் நீளமாக, தாழ்ந்து வரும் பந்தை வாரி எடுக்க வசதியாக இருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் கிளவுஸ். கிட்டத்தில் நிற்பவர்கள் பந்தைச் சட்டென்று எடுத்து எறிய வேண்டும், அவர்களுக்குச் சிறியது, குழி ஆழமில்லாதது. தூரத்தில் நிற்பவர்களுக்கு நீளமானது, குழி ஆழமானது.

அடுத்தது, எறியும் கைக்கல்ல, மற்ற கைக்கு வாங்க வேண்டும். வலதுகைக்காரிக்கு இடது கை கிளவுஸ்.

கடைக்குப் பெண்ணையே கூட்டிப் போங்கள். போட்டு, அந்த ஒரு கையாலேயே மூடிப் பார்க்கட்டும். மூட முடியாவிட்டால் விலை மலிவானாலும் வேண்டாம். புதுத் தோல் விறைப்பாக இருந்தால், இரவில் பந்தை உள்ளே வைத்துத் துணியால் கட்டி வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும்.

இப்போது என் பெண் செகண்ட் பேஸில் அளவான கிளவுஸோடு நிற்கிறாள். சாயங்காலம் வாசலில் தம்பி எறிய இவள் பிடிக்கிறாள். எத்தனை பிடித்தாள் என்று திண்ணையில் உட்கார்ந்து எண்ணுவது யார் தெரியுமா? என் மாமியார்தான்!