வீட்டு மொழியும் விருந்தினர் மொழியும்

விடைத்தாள்களோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்குக் கணிப்பொறி நிரல் எழுதும் ஆசை ஓய்வு பெற்ற பின்னரே பிறந்தது. அவ்வாசையால் ஒரு மாணவிக்கு நான் இழைத்த பிழையைப்பற்றி இன்று உங்களிடம் பேச விழைகின்றேன். அதற்கு முன்னுரையாகச் சில செய்திகள் வேண்டும்.

சி போன்ற மொழியில் எழுதிய நிரல், பொறியின் மொழிக்கு மாற்றப்பட்டு விரைந்து ஓடும். ஆனால் அதில் ஒரு சிறு விதியைத் திருத்தினாலும் மீண்டும் மாற்றியாக வேண்டும். ஆகவே, அடிக்கடி மாறும் விதிகளை மட்டும் எளியதொரு ஸ்கிரிப்ட் மொழியில் எழுதி, அம்மொழியைப் பெரிய நிரலுக்குள்ளேயே குடியமர்த்துவர். அவ்வாறு குடியமர்வதற்கென்றே பிறந்தது லுவா. 1993-ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இயெருசலிம்ஸ்கி, ஃபிகெரெடோ, செலஸ் ஆகிய மூவர் அதனை ஆக்கினர். அதற்கு முன் அங்கு உருவான மொழியொன்றின் பெயர் சோல். போர்த்துகீசியத்தில் ஞாயிறு என்பது பொருள். லுவா என்றால் நிலவு. ஞாயிற்றின் பின் நிலவு எழுந்தது!

விருந்தினராக வந்த லுவா, வீட்டு மொழியாகிய சியில் எழுதிய செயற்கூற்றை எவ்வாறு அழைக்கின்றது? இரண்டன் இயல்பும் வேறு. சி மொழியில் இது எண், இது எழுத்து என்று முன்னரே அறிவித்தாக வேண்டும். லுவாவிலோ ஒரே பெயர் இப்பொழுது எண்ணைக் குறிக்கும். மறுகணம் ஒரு சொல்லைக் குறிக்கும். எனவே இரண்டும் நேரே கொடுக்கல் வாங்கல் செய்வதில்லை. இடையில் ஓர் அடுக்கு உண்டு. ஆசிரியர் மேசையில் விடைத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். லுவா தான் அனுப்பும் மதிப்புகளை அவ்வாறே வைக்கும். முதலில் வைத்தது 1. உச்சியில் இருப்பதை −1 என்றும் சுட்டலாம். செயற்கூறு அவற்றை எடுத்துக் கணக்கிட்டு, விடையை உச்சியில் வைத்து, எத்தனை விடைகள் வைத்தது என்னும் எண்ணிக்கையை மட்டும் திருப்பிச் சொல்லும். மேலிருந்து அத்தனையை லுவா எடுத்துக்கொள்ளும். அடியில் கிடப்பதைப் பொருட்படுத்தாது. ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய அடுக்கு கிடைக்கும். வந்த மதிப்புகள் போகக் குறைந்தது 20 இடங்களும் இருக்கும். செயற்கூற்றுக்கு ஒரு பெயரிட்டு லுவாவிடம் முன்கூட்டிப் பதிவு செய்துவிட வேண்டும். வேறு சடங்கு இல்லை.

இனி என் கதை. ஒரு பள்ளிக்காக மதிப்பெண் பட்டியல் நிரல் ஒன்றை எழுதினேன். கூட்டலும் சராசரியும் சியில். தேர்ச்சி விதிகள் லுவாவில். ஆசிரியர்களே விதிகளைத் திருத்திக்கொள்ளலாம் என்று பெருமையுடன் கூறினேன். பட்டியல் வெளியான அன்று ஒரு சிறுமி தந்தையோடு என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். அம்மை கண்டு ஒரு தேர்வுக்கு வராதவள் அவள். மறுதேர்வு எழுத வேண்டியவளைத் தோல்வியுற்றவள் என்று என் நிரல் அறிவித்துவிட்டது.

லுவாவை ஐயுற்றேன், தவறு என்னுடையதே. மதிப்பெண்ணுக்குரிய இடத்தில் ஆசிரியர் "வரவில்லை" என்று பதிந்திருந்தார். அடுக்கிலிருந்து எண்ணை எடுக்க நான் 'டுநம்பர்' என்னும் பணியைக் கையாண்டிருந்தேன். அங்கு எண்ணாக மாற்ற இயலாதது ஏதேனும் இருந்தால், அது கூச்சலிடாது; பூச்சியத்தைத் தந்துவிடும். வராதவளுக்கும் ஒன்றுமே எழுதாதவளுக்கும் வேற்றுமை தெரியாமற் போயிற்று. இத்தவற்றை ஓர் ஆசிரியர் செய்திருந்தால் நானே அவரைக் கடிந்திருப்பேன்.

'செக்நம்பர்' என்றொரு பணியும் உண்டு. அது "72" என்று சொல்வடிவில் வந்த எண்ணை ஏற்கும். "வரவில்லை" என்பதை ஏற்காது, பிழை எழுப்பும். அப்பிழை நிரல் முழுவதையும் வீழ்த்திவிடாதிருக்க, ஸ்கிரிப்டைக் காப்புடன் அழைக்கும் 'பீகால்' வழியாகவே இயக்க வேண்டும். இரண்டையும் அன்றிரவே சேர்த்தேன். மறுமுறை ஓட்டியபோது அச்சிறுமியின் வரியில் பட்டியல் நின்றது. எண் வர வேண்டிய இடத்தில் சொல் வந்துள்ளதெனத் திரை காட்டிற்று. அவள் பெயரைத் தேர்ச்சிக் கணக்கினின்றும் விலக்கி, மறுதேர்வுக்குரியோர் வரிசையில் நானே என் கையால் எழுதினேன்.